கேட்பதற்கு முன் கேட்க வேண்டும்

ஒரு மாணவி தன் தொழிலைக் கற்றுக்கொள்வதற்காக ஒரு சிறுமியின் துயரத்தைக் கேட்கலாமா? மருத்துவம், உளவியல், சமூகப்பணி எல்லாமே யாரோ ஒருவருடைய உடலையும் மனதையும் வைத்துத்தான் கற்கப்படுகின்றன. ஆனால் எதிரே இருப்பவள் பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணாக இருக்கும்போது இந்தக் கேள்வி கனத்துவிடுகிறது. அவள் தானாக வந்தவள் அல்ல, அழைத்து வரப்பட்டவள்.

பகுதி ஒன்று தமிழ் எல்லாத் துறைக்கும் பொது என்பதால் உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் பெண்கள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். விடுமுறையில் பழனியிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிறார்கள். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான மனநலப் பிரிவில் சில வாரங்கள் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழோடு திரும்புகிறார்கள். அப்படிப் போய்வந்த ஒருத்தி, அங்கே ஒரு பெண் தன்னிடம் கேட்டதைச் சொன்னாள்: “அக்கா, நீங்க நான் சொல்றதக் கேக்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?” அந்தப் பெண்ணைப் பற்றி வேறு எதையும் அவள் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

தமிழில் ‘கேட்பது’ என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. செவிகொடுப்பதும் கேட்பதுதான், வினவுவதும் கேட்பதுதான், ஒன்றை வேண்டுவதும் கேட்பதுதான். மனநலப் பிரிவின் அறையில் முதல் இரண்டும் தவறாமல் நடக்கின்றன. மாணவி உடன் உட்காரலாமா என்ற அனுமதியை யாரிடம் கேட்பது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில், சிகிச்சை பெறுபவருக்கு ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அவர் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதியாக அதே சட்டம் சட்டப்படியான பாதுகாவலரை வைக்கிறது. ஆகவே கையெழுத்து அப்பாவுடையதாகவோ அம்மாவுடையதாகவோ இருக்கும். கையெழுத்து வேறு, சம்மதம் வேறு என்பது கல்யாணப் பேச்சு நடந்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும்.

பெண்பிள்ளை வாடிப்போனால் அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் காரணம் கேட்பது நம்மிடம் பழைய வழக்கம். சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு அதுதான். மகள் மெலிகிறாள், உண்ண மறுக்கிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். அவன் களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, ஆடி, முருகு அணங்கியது என்று சொல்கிறான். முருகன் மலையின் அடிவாரத்தில் இந்தப் பாடல்களை நடத்தும்போது வகுப்பில் சிரிப்பு எழுகிறது. வேலனின் பிழை தெய்வத்தை நம்பியதல்ல. பெண்ணைப் பார்க்கும் முன்பே அவனிடம் பதில் தயாராக இருந்தது, அதுதான் பிழை. அறிகுறிப் பட்டியலோடு உள்ளே நுழையும் இருபது வயது மாணவிக்கும் இந்த ஆபத்து உண்டு. “நெஞ்சு படபடன்னு வருது மிஸ்” என்று பெண் சொல்லி முடிக்கும் முன்பே கோப்பில் ‘ஆங்சைட்டி’ என்று எழுதப்பட்டுவிடும். யாரைக் கண்டால் படபடக்கிறது என்ற கேள்வி மிஞ்சிவிடும்.

அறிவியலும் இதில் விதிவிலக்கல்ல. 1900இல் வியன்னாவில் பதினெட்டு வயது இடா பாயரை அவளுடைய தந்தை ஃப்ராய்டிடம் சேர்த்தார். தந்தையின் நண்பர் தன்னிடம் அத்துமீறியதை அவள் சொன்னாள். தந்தை அதைக் கற்பனை என்றார். சம்பவம் நடந்தது என்பதை ஃப்ராய்டு ஏற்றார். ஆனால் அவளுடைய அருவருப்பை நோயின் அடையாளமாக வாசித்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் அவள் சிகிச்சையை முறித்துக்கொண்டு போய்விட்டாள். 1905இல் அவளுடைய கதை ‘டோரா’ என்ற பெயரில் அச்சானது. அவளிடம் அனுமதி கேட்டுப் பயனில்லை என்று முன்னுரையிலேயே ஃப்ராய்டு எழுதினார். டோரா என்ற பெயர் வந்த வழியையும் அவரே வேறொரு நூலில் சொல்கிறார். அவருடைய தங்கை வீட்டில் வேலை செய்த பெண்ணின் பெயரும் எஜமானியின் பெயரும் ரோசா. ஆகவே வேலைக்காரி தன் பெயரை விட்டு டோரா ஆனாள். சொந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண்ணின் பெயர், சொந்தக் கதையை வைத்துக்கொள்ள முடியாத இன்னொருத்திக்குப் போனது. 1976இல் எலென் சிக்ஸூ ‘டோராவின் உருவச்சித்திரம்’ என்ற நாடகத்தில் அந்தப் பெண்ணைப் பேசவைக்க எழுபது ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் மாணவிகளை அனுப்பாமலே இருந்துவிடலாமா? அதுவும் அநீதி. நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நூறு பேர் படிக்கும் பள்ளியில் ஏழு பேர். 2022 அக்டோபரில் ‘டெலி மானஸ்’ தொடங்கியபின் 14416 என்ற எண்ணை யாரும் அழைக்கலாம். ஆனால் மறுமுனையில் எடுத்துப் பேசுபவரும் எங்கோ, யார் முன்னாலோ உட்கார்ந்துதான் கேட்கக் கற்றிருக்க வேண்டும். பேருந்துக் காசும் ஒருநாள் கூலியும் செலவழித்து நகரத்துக்குப் போக முடியாத ஊர்ப் பெண்களுக்கு, அவர்கள் பேச்சு புரிந்த ஒருத்தி இந்த ஊர்களிலிருந்து உருவாவது அவசியம்.

எப்படி உருவாவது என்பதற்கு அகமரபிலேயே வேலனுக்கு எதிராக ஒருத்தி நிற்கிறாள். அவள் தோழி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் அவள் செவிலியிடம் பேசுவதுதான். தலைவியோடு கலந்த பிறகே அவள் உண்மையை வெளிப்படுத்துகிறாள். இலக்கணம் இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்தது. ரகசியத்தைச் சொல்வதும் அறமாகும் தருணம் உண்டு, ஆனால் உரியவளை விட்டுவிட்டுச் சொல்வது அறமாகாது. நான்கு வாரத்தில் எவளும் தோழியாகிவிட முடியாது. ஆனாலும் தோழியின் ஒழுங்கைக் கைக்கொள்ள முடியும்.

முதலாவது, ஆளை மறைப்பது. அகப்பாடலில் எவர் பெயரும் சுட்டப்படக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. சிற்றூரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘அடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவரின் இரண்டாவது மகள், போன வருஷம் பள்ளியை விட்டு நின்றவள்’ என்றால் பெயரே தேவையில்லை. பயிற்சி அறிக்கையில் தெரு, தொழில், சாதி, பள்ளி நான்கும் இல்லாமல் எழுதப் பழக வேண்டும். விடுதி அறையில் அந்தக் கதைக்கு இடமில்லை.

இரண்டாவது, எல்லையை முன்பே சொல்வது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் புகார் தெரிவித்தாக வேண்டும். பயிற்சி மாணவியும் அந்த ‘எவரும்’தான். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று அவள் வாக்குக் கொடுக்கக் கூடாது. “உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா டாக்டர்கிட்டச் சொல்லுவேன். உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்” என்பதைக் கதை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கேட்பது. அம்மா வெளியே இருக்கும்போது, சிறுமியிடமே, அவள் பேச்சிலேயே: “நான் படிக்கிற பொண்ணு. நான் இங்க இருந்தா உனக்குப் பரவாயில்லையா? வேண்டாம்னா வெளிய போயிடறேன். டாக்டர் உன்னை அதே மாதிரிதான் பாத்துக்குவாங்க.” அந்தக் கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு மருத்துவரும் துறைத்தலைவரும் பொறுப்பு. வெளியேறிய மாணவியின் பயிற்சி மணி குறையக் கூடாது.

சொன்ன இடத்தில் உட்கார், கேட்டதற்குப் பதில் சொல், கையை நீட்டு என்றே வளர்ந்த பெண் “வேண்டாம்” என்கிறாள். மாணவி நோட்டை மூடிவிட்டு வெளியே வந்து நடைவழிப் பெஞ்சில் உட்காருகிறாள். அன்றைக்கு அவளுக்கு எழுத ஒன்றும் கிடைக்காது. உள்ளே இருப்பவளுக்கோ, தான் சொன்ன ‘வேண்டாம்’ செல்லுபடியான முதல் நாளாக அது இருக்கலாம்.