ஒப்பாரியும் ஆறுதலும்

அலங்காநல்லூர் என்றதும் தை மாதத்துச் சல்லிக்கட்டே நினைவுக்கு வருகிறது. வாடிவாசல் முன் எழும் ஆரவாரத்தை உலகமே அறியும். அதே மண்ணில், துக்க வீட்டு முற்றத்தில் எழும் வேறொரு குரலும் உண்டு. அதுவே ஒப்பாரி. பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, இறந்தவரை ஒப்புச்சொல்லி அழும் அக்குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

"உயிர்ப்பில் நம்பிக்கை கொண்டோர் இவ்வாறு புலம்பலாமா?" என்று நம்மில் சிலர் கேட்கின்றனர். பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விலக்குவது நம்பிக்கையற்ற துயரத்தையே, கண்ணீரை அன்று. இலாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு பெத்தானியாவில் அழுதார். தாவீது சவுலுக்கும் யோனத்தானுக்கும் இரங்கற்பா பாடியதோடு, அதை யூதா மக்களுக்குக் கற்பிக்கவும் பணித்தார். எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலின் முதல் 4 பாடல்கள் எபிரேய அகரவரிசையில் அமைந்தவை. நெஞ்சு சிதறிய வேளையிலும் சொல்லுக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது போலும்.

ஒப்பாரியின் மெட்டும் அத்தகைய ஒழுங்கே. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், கால்வாய்க் கரைக்குள் அடங்கி வந்தே இப்பகுதி வயல்களை விளைவிக்கிறது. துயரமும் பாட்டின் கரைக்குள் ஓடும்போது அழிக்காமல் கடந்து செல்கிறது.

துக்கம் விசாரிக்க வந்தவள், கட்டி அழும்போது தன் வீட்டில் முன்பு இறந்தவரையும் எண்ணியே அழுகிறாள். இதைப் போலி என்று நகைப்போர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் பழைய காயத்தைத் திறந்து காட்டுபவளே, இழந்தவளின் அருகில் உண்மையாக அமர முடியும்.

ஒப்பாரியில் முறையீடும் உண்டு. தாயை இழந்த மகள், பிறந்த வீட்டின் கதவு இனித் தனக்குத் திறக்குமோ என்று பாடுவாள். கணவனை இழந்தவள், தன்னை ஒதுக்கப்போகும் உறவையும் வழக்கத்தையும் சாடுவாள். மற்ற நாளில் பகை மூட்டும் சொல்லை அன்று எவரும் தடுப்பதில்லை. ஆனால் பாட்டு ஓய்ந்ததும் அம்முறையீட்டையும் மறந்துவிடுகிறோம். அண்ணன் தங்கைக்குரிய பங்கைத் தருவதில்லை; கைம்பெண்ணை மங்கல நிகழ்ச்சிக்கு அழைப்பதில்லை. அழவிட்டதோடு நம் கடமை முடிந்ததென எண்ணினால், அந்தப் பாடலை நாம் கேட்டவர்கள் ஆகமாட்டோம்.

சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னைக்கு ஆண்டவர் அளித்த ஆறுதல் சொல்லோடு நிற்கவில்லை. அன்புச் சீடர் அந்நேரமுதல் அன்னையைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். செப்டம்பர் 15ஆம் நாள் அன்னையின் துயரங்களை நினைவுகூரும் நாம், பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்த பின்னர், அந்த வீட்டு வாசலுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். அன்று பாட்டில் கேட்ட குறை தீர்ந்ததா என வினவுவோம்.