கையொப்பமும் சம்மதமும்

‘விபத்து நேரின் நிர்வாகம் பொறுப்பாகாது, இதனை அறிந்தே சம்மதிக்கிறேன்’ என்னும் வாசகத்தின் கீழ்க் கையொப்பமிடாதவர் இன்று அரியர். உல்லாசப் படகிலும், உடற்பயிற்சி நிலையத்திலும், பாடசாலைச் சுற்றுலாவிலும் இத்தாள் நம்மை எதிர்கொள்கின்றது. தன் உடலுக்குப் பிறரால் நேரக்கூடிய ஊறுக்கு நியாயம் கேட்கும் உரிமையை ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட முடியுமா? இது வழக்கறிஞருக்கு மட்டும் உரிய வினாவன்று. சுதந்திரம் என்பது யாது என்னும் வினாவுமாகும்.

இவ்வினாவுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டு நிறைவேறிய முதலாளிமார் பொறுப்புச் சட்டம், மேற்பார்வையாளரின் கவனயீனத்தால் காயமுற்ற தொழிலாளிக்கு நட்டஈடு கேட்கும் வழியை ஓரளவு திறந்தது. ஆனால், அச்சட்டத்தின் பயனைத் தொழிலாளி துறப்பதாக ஒப்பந்தம் செய்யும் வழக்கமும் உடன் தோன்றிற்று. பிரபு ஒருவருக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்த தொழிலாளியின் விதவை வழக்காடியபோது, கணவன் செய்த ஒப்பந்தம் அவளையும் கட்டுப்படுத்தும் என 1882இல் நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்த சுதந்திரம் காப்பாற்றப்பட்டது. விதவை வெறுங்கையோடு திரும்பினாள்.

1891இல் வேறொரு வழக்குப் பிரபுக்கள் சபைக்கு வந்தது. இருப்புப்பாதைக்காகப் பாறை துளைத்துக்கொண்டிருந்தவனின் தலைக்கு மேலாகப் பாரந்தூக்கி கற்களைக் கொண்டு சென்றது. ஒரு கல் விழுந்து அவன் காயமுற்றான். ஆபத்தை அறிந்தும் அவன் வேலை செய்தான் என்பது எதிர்வாதம். அறிந்திருத்தல் வேறு, சம்மதித்தல் வேறு என்று சபை கூறியது. இந்த வேறுபாட்டிலேயே நம் வினாவின் உயிர் இருக்கின்றது. மறுத்தால் அடுப்பு எரியாது என்னும் நிலையில் இருப்பவனின் தலையசைப்பைச் சம்மதம் என்று எவ்வாறு சொல்வது?

நோயாளியின் நிலையும் இத்தகையதே. வைத்தியசாலையிற் சேரும்போது நோயாளி ஒப்பமிட்ட விடுதலைப் பத்திரம் பொதுநலனுக்கு முரணானது என்று 1963இல் கலிபோர்னிய மாநில உச்ச நீதிமன்றம் தள்ளியது. சிகிச்சை வேண்டி வந்தவர் வைத்தியசாலையோடு பேரம் பேசக்கூடியவர் அல்லர்.

‘வயதுவந்தவர் தாமே ஏற்ற ஆபத்துக்குப் பிறர் எவ்வாறு பொறுப்பாவர்? மலையேறுபவன் வழுக்கி விழுந்தால் வழிகாட்டியைத் தண்டிப்பதா?’ என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடவில்லை. மலையின் செங்குத்தும் கடலின் அலையும் அச்செயல்களோடு பிறந்தவை; அவற்றை ஒருவர் மனமார ஏற்கலாம். இற்றுப்போன கயிறு மலையோடு பிறந்ததன்று. ஓட்டைப் படகு கடலின் இயல்பன்று. அவை ஒருவரது கவனயீனத்தின் விளைவுகள். புதிய கயிற்றின் விலையை மிச்சப்படுத்தியவர் இலாபத்தைத் தாம் வைத்துக்கொண்டு, முறிந்த முதுகெலும்பை மட்டும் பிறனுக்கு எழுதிக் கொடுப்பதே இப்பத்திரத்தின் உட்பொருள். மேலும், பொறுப்பிலிருந்து விடுபட்டவருக்குக் கயிற்றைச் சோதிக்கும் தூண்டுதலும் குறைந்துவிடுகின்றது. அதனால் வருங்காலத்தில் ஏறப்போகிறவர்களும் ஆபத்துக்குள்ளாகின்றனர்.

தொழில் நடத்துவோர் தம் கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்தத்தாலோ அறிவித்தலாலோ உதறமுடியாது என்று பிரித்தானியா 1977இல் விதித்தது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த இலங்கையிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எனினும் எங்கும் ஒரே நிலை என்று எண்ணலாகாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்கான இத்தகைய பத்திரங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன.

சட்டம் இடந்தரும் இடத்திலும் காயமுற்றவர் பலர் நியாயம் கேட்பதில்லை. ‘கையொப்பமிட்டுவிட்டோமே’ என்னும் எண்ணமே அவர்களைத் தடுத்துவிடுகின்றது. செல்லாத பத்திரமும் இவ்வாறு தன் வேலையைச் செய்துவிடுகின்றது. ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் மக்களிடம் எடுத்துச் சொல்லவேண்டியது இதுதான்: காயமுற்றவர் முதலிற் கேட்கவேண்டியது, தாம் எதில் ஒப்பமிட்டோம் என்பதன்று, அந்த ஊறு எவரது கவனயீனத்தால் வந்தது என்பதே. அதன் பின்னரே பத்திரத்தை எடுத்து, சட்டமறிந்தவரிடம் காட்டவேண்டும்.