தராசு யார் கையில்?

உயிரைக் காக்கும் மருத்துவமே பிற்காலத்தில் ஒரு துன்பத்தையும் கொணரக்கூடுமாயின், அதனை நோயாளியிடம் முன்னரே உரைத்தல் அறமா? மறைத்தல் அருளா? மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை இவ்வினாவை எழுப்புகிறது.

இதன் நன்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. மார்பகத்தை முழுவதும் அகற்றாது கட்டியை மட்டும் நீக்கிக்கொண்ட 10,801 பெண்களைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வின்படி, கதிர்வீச்சுப் பெறாதோரில் பத்தாண்டுகளுக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு நோய் மீண்டது. பெற்றோரில் 19 பேருக்கே மீண்டது.

ஆயினும் கதிர், நோயுற்ற அணுக்களை மட்டும் தேடிச் செல்வதன்று. மார்பகம் இறுகிச் சுருங்குதல், தோளின் அசைவு குன்றுதல், அக்குளிலும் கதிர் பட்டிருப்பின் கை வீங்குதல் ஆகியவை ஆண்டுகள் கழிந்தும் தோன்றலாம். இடப்புறமாயின் இதயமும் அருகில் உள்ளது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற பெண்களைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. இதயத்தில் பட்ட கதிரின் அளவு மிக மிக இதய நோயின் வாய்ப்பும் மிகுந்ததையும், இருபதாண்டுகளுக்குப் பின்னும் அது நீடித்ததையும் அது காட்டிற்று.

பிரிட்டனில் இச்சிகிச்சை பெற்ற பெண்கள் சிலருக்குக் கைக்குச் செல்லும் நரம்புகள் பழுதுற்று, கை செயலிழந்தது, வலியும் ஓயவில்லை. தனித்தனியே வருந்திய அவர்கள் 1991-இல் ஓர் அமைப்பாகத் திரண்டனர். இத்தகைய தீங்கு நேரலாமென்று முன்னரே சொல்லப்படவில்லை என்பது அவர்கள் முறையீடுகளுள் ஒன்று.

இரு தீங்குகள் எதிர்ப்படின் சிறியதை ஏற்றுப் பெரியதை விலக்குதல் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த நெறி. இங்கே சிறியது பின்விளைவு, பெரியது புற்றுநோய். பெரும்பாலோர்க்கு இம்முடிவே பொருந்தும். ஆனால் நிறுத்துப் பார்க்கும் தராசு யார் கையில் இருத்தல் வேண்டும்? கணவரும் மக்களும் மருத்துவரிடம் தனித்துப் பேசிவிட்டு, அவளிடம் “ஒன்றுமில்லை” என்று கூறுவது நம் இல்லங்களில் அன்பின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. வலியைத் தாங்கப்போகிறவள் அவள். தராசோ பிறர் கையில்!

“அறிந்தால் அஞ்சிச் சிகிச்சையையே துறப்பாளே” என்பர். நன்மையையும் தீமையையும் அவற்றின் அளவோடு எடுத்துரைப்பதே அவ்வச்சத்திற்கு மருந்து. மேலும் அவ்வறிவு பயனுடையது. மூச்சை ஆழ இழுத்து நிறுத்தியிருக்கையில் கதிரைச் செலுத்தி, இதயத்தில் படும் அளவைக் குறைக்கும் முறை இன்று உண்டு. அறிந்தவளே அதைக் கேட்பாள். இருபதாண்டு கழித்து நெஞ்சு வலித்தால், தான் முன்பு பெற்ற சிகிச்சையைப் புதிய மருத்துவரிடம் சொல்லவும் அவளுக்கே இயலும்.

“எனக்கு எதுவும் சொல்லவேண்டாம்” என்று அவளே கேட்டுக்கொண்டால், அதுவும் மதிக்கத்தக்கதே, அம்முடிவும் அவளுடையதன்றோ! அவளைக் கேளாமலே மறைப்பது, நம் அச்சத்தை அவள் தலைமேல் ஏற்றிவிட்டு அதற்கு அன்பு என்று பெயரிடுவதாகும்.