வெண்ணெயின் மஞ்சள் எங்கே போனது?

நிறம் பொருளில் இருக்கிறதா, பார்ப்பவர் மனத்தில் இருக்கிறதா? இந்தியத் தர்க்க மரபும் ஐரோப்பிய மெய்யியலும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய கேள்வி இது. இதற்குச் சாட்சி தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து, அதன்மேல் வண்ண பட்டர்க்ரீம் பூசுகிறவர்கள் படும் பாடே போதும். நீலம் கலந்தால் பச்சை வருகிறது. எவ்வளவு சிவப்பு விட்டாலும் ரோஸைத் தாண்டுவதில்லை. இரவு ஊதாவாக இருந்த க்ரீம் பூ மறுநாள் மாலை நீலமாக நிற்கிறது. இவற்றைச் சரிசெய்யும் வழிகள் கைப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த வழிகள் ஏன் பலிக்கின்றன என்று யோசித்தால், நிறத்தைப் பற்றிய இரண்டு பழைய விடைகளுமே போதாதவை என்பது தெரிந்துவிடும்.

வெண்ணெயை எடுத்துக்கொள்வோம். பசு வெண்ணெயின் மஞ்சளுக்குக் காரணம் பசு மேய்ந்த புல்லில் உள்ள கரோட்டின். எருமை அந்தக் கரோட்டினைப் பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் எருமை வெண்ணெய் வெளுத்திருக்கிறது. மஞ்சள் வெண்ணெயில் நீல ஜெல் கலரை விட்டால் கடல்பச்சைதான் கிடைக்கும். அதனால் அனுபவசாலிகள் ஐசிங் சர்க்கரை போடுவதற்கு முன்பே, வெண்ணெயை மட்டும் பீட்டரில் ஐந்தாறு நிமிஷம் விடாமல் அடிக்கிறார்கள். மஞ்சள் படிப்படியாக வெளிறி, கடைசியில் ஏறக்குறைய வெள்ளையாகிவிடுகிறது. இங்கே என்ன நடந்தது? வெண்ணெயிலிருந்து எதையும் எடுக்கவில்லை. காற்றைத் தவிர எதையும் சேர்க்கவும் இல்லை. உள்ளே புகுந்த எண்ணற்ற நுண்குமிழிகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. கொழுப்புக்குள் வெகுதூரம் போய்க் கரோட்டினிடம் சிக்குவதற்குள் ஒளி வெளியே திரும்பிவிடுகிறது. அதே வெண்ணெயை அடுப்பில் உருக்கிப் பாருங்கள், மஞ்சள் திரும்பி வந்துவிடும். கரோட்டின் ஓர் அணுவும் குறையவில்லை. மஞ்சள் மட்டும் போயிருந்தது.

நிறம் பொருளைப் பற்றி நிற்கும் குணம் என்பது நியாய, வைசேடிக மதங்களின் கொள்கை. சூளையில் வைத்த பச்சைமண் பானை சிவப்பாவது எப்படி என்பதில் மட்டும் இரு சாராரும் பிரிந்தார்கள். நெருப்பால் பானை அணுக்களாகப் பிரிந்து, அணுக்கள் சிவந்து, மறுபடி பானையாகக் கூடுகிறது என்றார்கள் வைசேடிகர்கள். பானை பானையாகவே இருந்து, முழுமையாக நிறம் மாறுகிறது என்றார்கள் நையாயிகர்கள். அடித்து வெளுத்த வெண்ணெயில் நெருப்புப் படவே இல்லை, அணுக்களும் மாறவில்லை. ஆகவே நிற மாற்றத்தை அணுவில் தேடும் வழி இங்கே அடைபடுகிறது. நையாயிகர் ஒரு தடை எழுப்பக்கூடும்: மஞ்சள் அழியவில்லை, வேறொரு நிறத்தால் மறைக்கப்பட்டிருக்கிறது. பொன்னைத் தேயு என்னும் நெருப்புப் பூதத்தின் வகையில் சேர்த்து, அதன் ஒளிநிறம் மண்ணின் மஞ்சளால் அமுக்கப்பட்டிருக்கிறது என்று அவர்கள் விளக்கியது போன்ற விடைதான் இது. கெட்டிக்கார விடை. ஆனால் எந்த நிறம் மறைத்தது? சர்க்கரை இன்னும் சேரவில்லை. சேர்ந்தது காற்று ஒன்றுதான். காற்றுக்கு நிறமே இல்லை என்பது அவர்களே வகுத்த இலக்கணம். மஞ்சளான ஒன்றும் நிறமற்ற ஒன்றும் கூடி வெள்ளை பிறக்கிறது என்றால், அந்த வெள்ளை எந்தப் பொருளிலும் முன்பே குடியிருந்த குணம் ஆகாது. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் கண்ணால் மட்டுமே அறியப்படும் குணம் நிறம் என்று வரையறுக்கிறது. பொருளில்தான் நிறம் என்று சாதித்தவர்களும் கண்ணை விட்டுவிட்டு அதற்கு இலக்கணம் சொல்லவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

அப்படியானால் நிறம் மனத்தில்தான் இருக்கிறது என்று எதிர்ப்பக்கம் சாயலாமா? 1623இல் கலிலியோ அப்படித்தான் சாய்ந்தார்: உணரும் உயிர்களை நீக்கிவிட்டால் சுவை, மணம், நிறம் எல்லாம் வெறும் பெயர்களாக நின்றுவிடும் என்பது அவர் கருத்து. ஊதா பட்டர்க்ரீம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஊதா என்பது பெரும்பாலும் ரோஸ் சாயமும் நீலச் சாயமும் சேர்ந்த கலவை. ரோஸுக்கு எரித்ரோசின் பயன்பட்டிருந்தால், ஒளி பட்டதும் முதலில் சிதைவது அதுதான். பிரில்லியன்ட் ப்ளூ போன்ற நீலம் அதைவிட அதிக நேரம் தாங்கும். வெளிச்சத்தில் வைத்த பூ நீலமாகிறது, மூடிய அட்டைப்பெட்டியில் இருந்த பூ ஊதாவாகவே இருக்கிறது. இரண்டையும் பார்த்த கண்கள் அவையேதான், மனமும் அதுவேதான். மாறியது ஒரு மூலக்கூறு. நிறம் முழுக்க மனத்தின் படைப்பு என்றால், கேக்கை இருட்டில் வைப்பது எப்படிப் பரிகாரமாகும்?

பிழை பொருளிலும் இல்லாமல், மனத்திலும் இல்லாமல் போகும் சந்தர்ப்பமும் உண்டு. பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்ற புகார் வந்தது. அவர் சோதித்தபோது சாயத்தில் குறை தெரியவில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் இருந்த நீல, ஊதா நூல்களே அதை வலுவற்றதாகக் காட்டின. பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். கேக்கிலும் இதே கதைதான். தனியே கிண்ணத்தில் பளிச்சென்றிருந்த இளநீலம், கருநீல விளிம்புக்குள் வந்ததும் சோகை பிடித்ததுபோல் தோன்றும். அங்கே மாற்ற வேண்டியது விளிம்பை.

ஆகவே என் முடிவு இது: பொருளின் அமைப்பு, விழும் ஒளி, பக்கத்தில் இருப்பது, பார்க்கும் கண் ஆகிய நான்கும் கூடும்போது நிகழும் உறவுதான் நிறம். இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உறவு என்றால் அதற்குச் சொந்தமாக இருப்பு இல்லை, ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். தாய் என்பதும் உறவுதான். பிள்ளை இல்லாமல் ஒருத்தி தாய் ஆவதில்லை. அதற்காகத் தாய்மையைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, இஷ்டப்பட்டவரைத் தாய் என்று அறிவிக்கவும் முடிவதில்லை. நிறமும் அப்படித்தான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அந்தக் கேக் வேறாகத் தெரிவது உண்மை, அந்த வேறுபாட்டுக்கும் திட்டமான காரணம் உண்டு. இயற்பியல் வழியாக வரும் மறுப்பு வேறு வகை: கரோட்டின் எந்த அலைநீளங்களை உறிஞ்சுகிறது என்பது அளந்து வைத்த விஷயம், அதுதானே நிறம்? அந்த அளவு, உருகிய வெண்ணெயிலும் நுரைத்த வெண்ணெயிலும் ஒன்றே. நிறமோ இரண்டு. உறிஞ்சல் நிறத்துக்கு ஒரு காரணம். நிறமாகவே அது ஆகிவிடாது. சார்ந்து தோன்றுவது எல்லாம் மாயை என்று தள்ளுவோரும் உண்டு. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 30ஆம் காதை விரித்துச் சொல்லும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளை நினைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லலாம். சார்பால் தோன்றுவதைச் சார்பை அறிந்து மாற்றவும் முடியும் என்பதே அங்கே விடுதலைக்கான வழி. வெறும் பொய்த்தோற்றத்தை அப்படிக் காரணம் கண்டு திருத்த முடியாது.

இந்தத் தத்துவம் கரண்டி பிடித்த கையிலும் வேலை செய்கிறது. நிறம் புட்டிக்குள் இருக்கிறது என்று நம்புகிறவர் ரோஸைச் சிவப்பாக்க மேலும் மேலும் சாயம் விடுகிறார். ஐசிங் கசக்கிறது, சாப்பிட்டவர் நாக்கும் பல்லும் சிவக்கின்றன. ஜெல் கலர் கொழுப்பில் கரைவதில்லை. வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவே உள்ள நீரில்தான் அது மெல்லப் பரவ வேண்டும். அதற்குச் சில மணி நேரம் தேவை, அதற்குள் ஏறிய காற்றிலும் கொஞ்சம் அடங்கும். அவசரமென்றால், கலந்த க்ரீமில் கால் பங்கை லேசாக உருக்கி மீதியோடு சேர்த்து அடித்தால் ஒரு துளி சாயமும் கூடாமலே நிறம் அழுத்தமாகும். வெண்ணெயின் மஞ்சள் மிச்சமிருந்து தொந்தரவு செய்தால், பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டெடுத்த ஊதா அதைச் சமன்செய்துவிடும். மஞ்சளை நீக்குவதற்கு அங்கே இன்னொரு நிறத்தைச் சேர்க்கிறோம். எனவே அடுத்த முறை சிவப்பு போதவில்லை என்று பட்டால் புட்டியைத் திறக்காதீர்கள். கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, காலையில் ஜன்னலோர வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.