தேடலா, கண்டடைதலா? ஜியோகேச்சிங் எழுப்பும் கேள்வி

ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, அட்சரேகை தீர்க்கரேகை எண்களை வைத்துக்கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு. ஒளித்துவைத்தவர் அந்த இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிடுவார். தேடுபவர் ஜிபிஎஸ் கருவியோ கைபேசியோ கொண்டு அங்கே போவார். பெட்டி கிடைத்தால் உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே எடுத்தபடி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பெட்டிக்குள் விலைமதிப்புள்ள எதுவும் இருக்காது. பெரிய பெட்டியென்றால் சாவிக்கொத்து, கோலிக்குண்டு, பழைய நாணயம், பிளாஸ்டிக் பொம்மை இப்படி ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். சிறிய பெட்டியில் சுருட்டிவைத்த காகிதம் மட்டுமே இருக்கும். இத்தகைய பெட்டிகள் இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேல் உள்ளன. அண்டார்டிகாவையும் சேர்த்து ஏழு கண்டங்களிலும் அவை இருக்கின்றன.

ஒரு காகிதச் சுருளுக்காக மனிதர்கள் மலை ஏறுகிறார்கள், சேற்றில் இறங்குகிறார்கள், முள்ளில் கை கிழிபட நிற்கிறார்கள். தேடலின் மதிப்பு கிடைக்கும் பொருளில் இருக்கிறதா, தேடும் செயலிலேயே இருக்கிறதா என்ற பழைய கேள்வியை இந்தப் பொழுதுபோக்கு மிகத் தெளிவான வடிவில் முன்வைக்கிறது. பொன்னைத் தேடுபவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் பொன்னைக் காட்டிவிடுவான். ஜியோகேச்சிங்கில் காட்டுவதற்கு அப்படி எதுவும் இல்லை.

தோற்றம்

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான அமைப்பு. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்ததால், கருவி காட்டும் இடம் சுமார் 100 மீட்டர் வரை பிசகும். அதிபர் பில் கிளின்டனின் ஆணைப்படி 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அடுத்த ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் எண்களை ஜிபிஎஸ் ஆர்வலர்களின் இணையக் குழுவில் வெளியிட்டார். புதிய துல்லியத்தைச் சோதித்துப் பார்ப்பது அவர் நோக்கம். வாளியில் புத்தகங்கள், மென்பொருள், கொஞ்சம் பணம், கவண், ஒரு டப்பா அவரை, குறிப்பேடு, பென்சில் ஆகியவை இருந்தன. மைக் டீக் முதலில் கண்டுபிடித்துப் பெயர் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபின் விளையாட்டு உலகெங்கும் பரவியது.

இதற்கு முன்னோடியும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புவெளியில் வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட், 1854இல் கிரான்மியர் பூல் என்ற எளிதில் போக முடியாத இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். அங்கு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் முகவரிச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்தவர் கண்ணில் படும்படி ஒரு தடயம் விட்டுச் செல்லும் ஆசை செயற்கைக்கோள்களுக்கு மிகவும் மூத்தது.

இன்பம் எங்கே இருக்கிறது

கனடாவில் பணியாற்றிய தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் சூட்ஸ், 1978இல் வெளியான ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூலில் விளையாட்டுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அதன் சாரம். கோல்ஃப் பந்தைக் குழியில் போடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். அப்படிச் செய்தால் நோக்கம் நிறைவேறும்; விளையாட்டு நடந்திருக்காது. ஜியோகேச்சிங் இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இடம் தெரிந்தவரிடம் கேட்டு நேராகப் போய்ப் பெட்டியை எடுப்பவருக்குப் பெட்டி கிடைக்கும், இன்பம் கிடைக்காது.

அந்த இன்பம் பெரும்பாலும் கடைசிப் பத்து மீட்டரில் இருக்கிறது. கருவி அதுவரை கூட்டிக்கொண்டு வரும். மரத்தடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் சமிக்ஞை தடுமாறும். அம்புக்குறி ஒரு முறை இடப்பக்கம், மறு முறை வலப்பக்கம் திரும்பும். அங்கிருந்து கண்ணும் புத்தியும் வேலை செய்ய வேண்டும். மற்றக் கற்களைவிடக் கொஞ்சம் ஒழுங்காக அடுக்கிய கற்கள், காற்றில் விழுந்ததாகத் தோன்றாத மரப்பட்டை, வேலியில் அவசியமில்லாத ஒரு திருகாணி ஆகியவை அப்போதுதான் தட்டுப்படும். வழக்கமாக ஒரு நிமிடத்தில் கடந்துபோகும் இடத்தை மனிதர் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். ஒளித்தலின் கடினமும் நிலத்தின் கடினமும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடப்பட்டிருப்பதால், அவரவர் தாங்கக்கூடிய தடையை அவரவரே தேர்ந்துகொள்ளலாம்.

பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கால் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். வேட்டைக்காரனிடம் முயலைச் சும்மா கொடுத்தால் வாங்க மாட்டான், அவனுக்கு வேண்டியது துரத்தல்தான் என்பதை அவரும் கண்டார். ஆனால் மனிதன் தன் நிலையாமையை எண்ணிப்பார்க்க அஞ்சி ஓடும் ஓட்டமே இந்தத் துரத்தல் என்று தீர்ப்பளித்தார். இந்தக் கண்டிப்பில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. தன்னை மறக்கச் செய்யும் பரபரப்பு வேறு, தனக்கு வெளியே உள்ளதை ஊன்றிப் பார்க்கச் செய்யும் கவனம் வேறு. நல்ல தேடல் இரண்டாவதைத் தருகிறது.

கிடைக்காமை என்ற சங்கடம்

இப்பொழுதுபோக்கின் துன்பங்களில் தலையானது, தேடியும் கிடைக்காமல் திரும்புவது. இதில் இரு வகை உண்டு. பெட்டி அங்கேயே இருந்து கண்ணில் படாமல் போவது ஒன்று. விவரம் அறியாத வழிப்போக்கர் எடுத்துப்போயோ, வெள்ளம் அடித்துச் சென்றோ பெட்டியே இல்லாமல் போயிருப்பது மற்றொன்று. முன்னது திறமைக்கு விடப்பட்ட சவால். பின்னது வீண் அலைச்சல். தேடுபவரை வாட்டுவது, தமக்கு நேர்ந்தது எது என்று அந்த இடத்தில் நின்றபடி தெரிந்துகொள்ள முடியாமைதான்.

‘இல்லை’ என்பதை எப்படி அறிகிறோம் என்று இந்திய மெய்யியல் பல நூற்றாண்டுகள் விவாதித்திருக்கிறது. தரையில் குடம் இல்லை என்ற அறிவு காட்சியிலேயே அடங்கும் என்றனர் நியாய நெறியினர். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகரும் அத்வைதிகளும் அதற்கு அனுபலப்தி என்ற தனி அளவையை, அதாவது அறியும் வழியை, வகுத்தனர். தமிழில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளைப் பத்தாக எண்ணும்போது இன்மையை அறியும் அபாவத்தையும் சேர்க்கிறார். பிறகு எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். இந்த விவாதத்தில் ஒரு நிபந்தனை முக்கியமானது. இருந்திருந்தால் கண்ணில் பட்டே இருக்கும் என்ற நிலையில்தான், காணாமை இன்மைக்குச் சான்றாகும். பகல் வெளிச்சத்தில் வெறுந்தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் அப்படிச் சொல்ல உரிமை இல்லை.

விரல்நுனி அளவே உள்ள காந்தப் பெட்டி இரும்புக் கைப்பிடியின் அடியில் ஒட்டியிருக்கிறது என்று கொள்வோம். அது எளிதில் காணத்தக்கதன்று, காணக்கூடாதென்றே வைக்கப்பட்டது. ஆகவே தேடிக் களைத்தவர் ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்று சொல்லலாமே தவிர ‘இங்கே இல்லை’ என்று சொல்ல முடியாது. விளையாட்டின் வழக்கமும் இதையே கேட்கிறது. கண்டவர் கண்டேன் என்று பதிவதைப் போலவே, காணாதவர் காணவில்லை என்று இணையப் பக்கத்தில் பதிய வேண்டும். அனுபவசாலிகள் பலர் அடுத்தடுத்து அப்படி எழுதினால், பெட்டி போயிருக்கலாம் என்று கருதலால் துணியலாம். உரியவர் நேரில் சென்று பார்த்துச் சொல்லும் உரையே கடைசித் தீர்ப்பு. சித்தியாரின் மூன்று அளவைகளும் இங்கே ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

வாய்மை

முதல் அடி எடுத்துவைப்பதற்கே தேடுபவர் ஒளித்தவரின் சொல்லை நம்பியாக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் தந்த எண்களை நம்பித்தான் அவர் புறப்படுகிறார். ஆகவே பெட்டியை வைப்பது ஒரு வாக்குறுதி. நனைந்த காகிதத்தை மாற்றுவதும், தொலைந்த பெட்டியை மீண்டும் வைப்பதும், முடியாதபோது பட்டியலிலிருந்து நீக்குவதும் அதன் பகுதிகள். உரியவர் கைவிட்ட பெட்டியைத் தேடி அலைந்தவரின் கசப்பு நியாயமானது. அது தோல்வியின் கசப்பன்று, வாக்கு மீறப்பட்டதன் கசப்பு.

தேடுபவருக்கும் இதே கடன் உண்டு. போகாத இடத்துக்குப் போனதாகவும் காணாததைக் கண்டதாகவும் பதிபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொய்யை நம்பி, இல்லாத பெட்டிக்காக அடுத்தவர் கிளம்பிவிடுவார். திருவண்ணாமலைத் தலபுராணம் இந்த அறத்தையே பேசுகிறது. சிவனின் அடியையும் முடியையும் தேடிய திருமால், பிரமன் இருவருமே காணவில்லை. காணவில்லை என்று ஒப்புக்கொண்ட திருமாலுக்குக் குறை நேரவில்லை. தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கி முடியைக் கண்டதாகச் சொன்ன பிரமன் கோயில் வழிபாட்டை இழந்தான். சிவாலயங்களில் கருவறையின் பின்சுவர்க் கோட்டத்தில் நிற்கும் லிங்கோத்பவர் திருவுருவம் இக்கதையைக் காட்டுவது. தேடிக் காணாமை குற்றமன்று, காணாததைக் கண்டதாகச் சொல்வதே குற்றம் என்பது அதன் தெளிந்த பொருள்.

எண்ணிக்கையும் பொறுப்பும்

இணையக் கணக்கில் ஒவ்வொருவர் பெயரோடும் கண்டெடுத்த பெட்டிகளின் எண்ணிக்கை நிற்கிறது. அதைக் கூட்டுவதே சிலருக்குக் குறிக்கோளாகிவிடுகிறது. இரு பெட்டிகளுக்கிடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. நெவாடா பாலைவனத்தில் ‘வேற்றுக்கிரக நெடுஞ்சாலை’ எனப்படும் சாலையோரமாக, ஏறத்தாழ அந்த இடைவெளியிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பிகள் வைக்கப்பட்டன. காரை நிறுத்துவதும் எடுப்பதும் பெயரிடுவதும் கிளம்புவதுமாக ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சேர்க்கலாம். செயல்களில் முடிவை அடைந்ததும் தீர்ந்துபோவன சில, செய்யும் ஒவ்வொரு கணத்திலும் முழுமையாக இருப்பன சில என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். வீடு கட்டுவது முதல் வகை, பார்ப்பதும் சிந்திப்பதும் இரண்டாம் வகை. தேடல் இரண்டையும் தன்னுள் கொண்டது. எண்ணிக்கை மட்டுமே நோக்கமாகும்போது இரண்டாவது பகுதி உதிர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டிக்கு இடைஞ்சலாகிறது.

விளையாடாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு பெட்டியை வெடிகுண்டு என்று அஞ்சி, ராணுவ நிபுணர்களை வரவழைத்து வெடிவைத்து அழித்தார்கள். அடிக்கடி மிதிபடும் இடத்தில் செடிகொடிகளும் பழைய சுவர்களும் சேதமடைகின்றன. நில உரிமையாளரிடம் அனுமதி பெறுவது, மண்ணைத் தோண்டிப் புதைக்காமல் இருப்பது ஆகிய விதிகள் இதனால்தான் வந்தன. தேடப் போகும் இடத்தில் கிடக்கும் குப்பையை அள்ளிவரும் இயக்கம் 2002 முதல் நடந்துவருகிறது.

முடிபு

தேடலா, கண்டடைதலா என்ற கேள்விக்கு ஜியோகேச்சிங் தரும் விடை இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடுவதாக இல்லை. மதிப்பு தேடலில்தான் இருக்கிறது. ஆனால் பெட்டி மெய்யாகவே அங்கே இருந்தால்தான் தேடலுக்கு அந்த மதிப்பு வரும். கிடைக்காமல் போகும் வாய்ப்பு இல்லாவிட்டால் கிடைப்பதில் சுவை இல்லை; கிடைக்கும் வாய்ப்பே இல்லாவிட்டால் தேடுவதில் பொருள் இல்லை. இந்த இரண்டு வாய்ப்புகளையும் காப்பது ஒளிப்பவரின் நேர்மையும் தேடுபவரின் நேர்மையும். இந்த விளையாட்டில் புதிதாக இறங்குபவர்கள் கண்டதை எழுதும் அதே அக்கறையோடு காணாததையும் எழுதட்டும். அடுத்து வருபவருக்கு இரண்டும் சமமாகவே உதவும்.