பட்டும் தெரியாதது

"பட்டால்தான் புத்தி வரும்" என்பார்கள் எங்கள் செவிலிமேட்டுப் பெரியவர்கள். துன்பம் வினையைக் கழிக்கும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருஷம் ஊசி போட்ட எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காரணம் என் சித்தப்பா.

பட்டு நெசவாளர். தறிக்குழியில் இறங்கும்போது துருப்பிடித்த ஆணி உள்ளங்காலில் ஏறியது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிட்டார். பத்தாம் நாள் வாய் திறக்கவில்லை. ரணஜன்னி. ஆஸ்பத்திரியில் ஜன்னலைச் சாத்தி, இருட்டறையில் கிடத்தியிருந்தார்கள். என் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவியது. அந்தச் சத்தத்துக்கே அவர் முதுகு வில்லாக வளைந்தது. குதிகாலும் பின்னந்தலையும் மட்டும் கட்டிலில் பட்டன. நினைவு தப்பவில்லை. கண் என்னையே பார்த்தது.

பிழைத்தார். வீடு திரும்பும் நாளில் தடுப்பூசியோடு போய் நின்றேன்.

"இவ்வளவு பட்டேனே, இன்னும் எதுக்கும்மா?"

பட்டது உதவாது, சித்தப்பா. கிலோ எடைக்கு, ஒரு கிராமில் நூறு கோடியில் இரண்டரைப் பங்கு போதும், ரணஜன்னிக் கிருமியின் நஞ்சு ஆளை முடித்துவிடும். அவ்வளவு சொற்பத்தை உடம்பால் அடையாளம் கண்டு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ள முடியாது. அதனால் வந்தவருக்கே மறுபடியும் வரலாம். 1920களில் பிரான்சில் காஸ்தோன் ரமோன் இதே நஞ்சை ஃபார்மலின் சேர்த்து, இளஞ்சூட்டில் வாரக்கணக்கில் வைத்தார். கொல்லும் குணம் போயிற்று, உருவம் நின்றது. அடங்கிய அந்த நஞ்சைத்தான் போதிய அளவு உள்ளே செலுத்த முடியும். அதைப் பார்த்துத்தான் உடம்பு கற்கிறது.

பச்சைக் குழந்தைகள் ரணஜன்னியில் செத்தபோது முன்வினை என்றார்கள். தொப்புள்கொடியை அறுத்த கத்தியைப் பார்த்தவள் நான். எந்த வினையும் அதில் இல்லை, அழுக்குதான் இருந்தது. கர்ப்பிணிக்குப் போடும் ஊசியால் அவள் உடம்பில் ஊறும் காப்பு நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை எதுவும் படவில்லை, எதுவும் செய்யவில்லை, காப்போடு பிறக்கிறது. தாய்சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்த நிலைக்கு வந்துவிட்டதாக 2015இல் உறுதியானது.

எங்கள் ஊர்ச் சாலைக் கிணற்றைத் தாண்டும்போதெல்லாம் இதையே நினைப்பேன். விந்தியக் காட்டில் வழி தெரியாமல் நின்ற ராமானுஜரை வேடத் தம்பதியாக வந்த பெருமாளும் தாயாரும் இங்கே கொண்டுவந்து சேர்த்ததாகச் சொல்வார்கள். காட்டில் அலைந்ததற்குக் கூலியாக அது கிடைத்தது என்று நான் நம்பவில்லை. அவரைக் கூட்டிவர யாரோ வந்தார்கள்.

சித்தப்பா சட்டைக் கையைச் சுருட்டினார்.

"அடுத்த மாசம் இன்னொண்ணு இருக்கு" என்றேன்.