விற்கலாகாத ஓய்வு

உலகில் விற்கவும் வாங்கவும் தகும் பொருள்கள் பல உள. அரிசியை விற்கலாம், ஆடையை விற்கலாம், ஒருவன் தன் உடலுழைப்பையுங்கூடக் கூலிக்கு விற்கலாம். ஆனால் ஓய்வை விற்கலாமா? வாரம் முழுதும் உழைத்தவன் தனக்குரிய ஓய்வு நாளைப் பணத்துக்கு ஈடாகக் கொடுத்துவிட, மற்றொருவன் அதனை விலை தந்து பெற்றுக்கொள்வது அறத்துக்கு ஒக்குமா? பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினா, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவருள் அநேகருடைய வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ஆதலின் இதனைச் சற்றுப் பொறுமையுடன் ஆராய்வோம்.

முதலில் ஓய்வை வாங்குவோரை நோக்குவோம். இக்காலத்தில் ஓய்வு ஒரு பெரும் வாணிகமாகிவிட்டது. இங்கிலாந்தில் பாத், ஜெர்மனியில் பாடன்-பாடன், பிரான்சில் விஷி ஆகிய ஊர்கள் தம் வெந்நீர் ஊற்றுகளாலேயே பெயர் பெற்றவை. அவ்வழியைப் பின்பற்றி நம் அண்டையிலும், பேராக் மாநிலத்துத் தம்பூன், சுங்கை கிளா முதலிய ஊற்றுகளை ஒட்டித் தங்கும் விடுதிகள் எழுந்துள்ளன. பட்டணத்துச் சந்தடியை விட்டு அங்கே இரண்டு நாள் தங்கி, வெந்நீரில் அமிழ்ந்து, உடம்பைப் பிடித்துவிடச் செய்து, பிறர் சமைத்த உணவை உண்டு திரும்புவோர் தம் களைப்பெல்லாம் நீங்கிற்று என மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. குற்றாலத்துச் சாரலையும் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கையும் போற்றிய இனத்தவர், நீரின் சுகத்தைக் குற்றமென்று கூறுதல் பொருந்தாது. உடலை வருத்துவதே புண்ணியம் என்னும் கொள்கையும் நமக்கு உடன்பாடன்று.

சிங்கப்பூரிலும் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. சிராங்கூன் சாலைக்குப் பொருள் வாங்கவும் உறவினரைக் காணவும் வந்துபோகும் நம்மவருள் பலர் அதனைக் கண்டதில்லை. தீவின் வடபால், செம்பவாங்கில், சியா எங் கியோங் என்னும் சீன வணிகருக்குரிய நிலத்தில் 1909இல் அது கண்டறியப்பட்டது. அவர் அந்நீரைப் புட்டிகளில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1920களில் அது பிரேசர் அண்டு நீவ் என்னும் பானக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஜப்பானியர் இத்தீவை ஆண்ட காலத்தில் தம் படையினர் குளித்து இளைப்பாறுவதற்கு அங்கே குளியல் தொட்டிகள் அமைத்தனர். 1944 நவம்பரில் நேசநாட்டு விமானங்களின் குண்டு அவ்விடத்தில் வீழ்ந்தது. 1985இல் விமானப் படைத்தளத்தின் விரிவுக்காக அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. ஊற்றை மூடலாகாது என்று மக்கள் விண்ணப்பித்ததன் பயனாக 2002இல் வேலியிட்ட பாதை வழியே அனைவரும் உள்ளே செல்ல இடமுண்டாயிற்று. 2020 ஜனவரியில் அவ்விடம் விரிந்த பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் வரும் நீர் படிப்படியாக ஆறி இறங்க, முதியோரும் சிறுவரும் அதில் கால் நனைத்து அமர்ந்திருக்கின்றனர். சிலர் முட்டை அவித்து உண்கின்றனர். நுழைவுக் கட்டணம் இல்லை.

நிலத்தின் அடியிலிருந்து எவருடைய அனுமதியும் வேண்டாது எழுந்த நீர் முதலில் சரக்காக விற்கப்பட்டது. பின்னர் ஆளும் படையினரின் சலுகையாயிற்று. அதன்பின் வேலிக்குள் அடைபட்டது. மக்கள் கேட்டபின்னரே பொதுச்சொத்தாயிற்று. ஓய்வின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. இரவும் பகலும் போல ஓய்வும் உழைப்பும் மனித வாழ்வுக்கு இயற்கையானவை. ஆயினும் நெடுங்காலம் ஓய்வு செல்வரின் உடைமையாகவும், உழைப்பு ஏழையின் விதியாகவும் கருதப்பட்டன. ஆலைத் தொழிலாளருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்னும் சர்வதேச உடன்படிக்கை 1921இல் ஜினீவாவில் ஏற்பட்டது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை பற்றிய உடன்படிக்கை 1936இல் வந்தது. 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வை ஒவ்வொரு மனிதனுக்கும் உரியதெனக் கூறிற்று. இவற்றுள் யாதொன்றும் தானாகக் கனிந்து மடியில் விழுந்ததன்று.

இனி, ஓய்வு என்பதுதான் யாது? வேலை செய்யாதிருத்தலே ஓய்வு என்பர் சிலர். இது பொருந்தாது. 2020 ஏப்ரலில் தொற்றுநோய் பரவியபோது, சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளின் வாயில்கள் அடைக்கப்பட்டன. இலட்சக்கணக்கானோர் வேலைக்குச் செல்லாது வாரக்கணக்கில் அறைக்குள் இருந்தனர். உணவு வந்தது; வேலை இல்லை. அதனை ஓய்வு என்று எவரேனும் கூறுவரா? நோயைத் தடுக்க அது வேண்டியிருந்தது என்பது வேறு. அது ஓய்வன்று என்பது வேறு.

மறு நாளைய வேலைக்கு உடலைச் செப்பனிடுவதே ஓய்வு என்பர் வேறு சிலர். இதுவும் போதாது. இயந்திரத்துக்கும் எண்ணெய் இடுகிறோம். அதற்கும் சில மணி நேரம் சூடு தணிய விடுகிறோம். ஓய்வு அத்தகைய பராமரிப்பு மாத்திரமே எனின், எத்துணை ஓய்வு போதும் என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம். நன்றாக வேலை செய்யும் வரையில் ஓய்வு போதுமென்று அவர் கணக்கிடுவார். மனிதனை மாட்டோடும் பொறியோடும் வைத்து எண்ணுவோர்க்கே இக்கணக்கு ஏற்கும்.

ஆங்கிலப் பள்ளியில் நாம் கற்ற செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ என்னும் சொல், ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அதன் முதற்பொருள் ஓய்வு என்பதாகும். மனிதன் உழைப்பதே ஓய்வைப் பெறுவதற்காகத்தான் என்று அரிஸ்டாட்டில் கருதினார். அறிவை வளர்ப்பதும், நண்பரோடு அளவளாவுவதும், ஊர் நலம் பற்றிச் சிந்திப்பதும் அவ்வோய்வில் நிகழ்வன. அறிஞர் கூறியது உயர்ந்த கருத்தே. ஆனால் அவரே அடிமை முறையையும் இயற்கையென நியாயப்படுத்தினார். அவர் புகழ்ந்த ஓய்வின் கீழே, ஓய்வில்லாத அடிமைகளின் முதுகு இருந்தது. கருத்தை ஏற்று, அம்முதுகை மறத்தல் நமக்குத் தகாது.

ஆதலின் ஓய்வு என்பது, பிறர் ஏவலுக்கு உட்படாது தன் விருப்பின்படி கழிக்கும் பொழுது என்று நாம் கொள்கிறோம். இதன் மெய்ம்மையைக் காண விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக்குச் செல்க. கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்தவர்கள், தமிழ்நாட்டவரும் வங்காளதேசத்தவரும், ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றனர். வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர், முடி திருத்திக்கொள்கின்றனர், தேக்கா சந்தையில் ஊர்க் காய்கறி வாங்குகின்றனர், புல்தரையில் அமர்ந்து தம் மொழியில் ஊர்க்கதை பேசுகின்றனர். அப்பகுதியில்தான் 1840களில் ஐரோப்பியர் தம் பொழுதுபோக்குக்காகக் குதிரைப் பந்தய மைதானம் அமைத்தனர். 1933இல் அது புக்கித் தீமாவுக்கு மாறிற்று. பந்தயம் பார்க்க வந்தவர் இளைப்பாறிய காலத்தில், அதன் அயலில் மாடு மேய்த்தும் செங்கல் சுட்டும் நம் முன்னோர் வேர்வை சிந்தினர். இன்று அவ்வட்டாரத்துப் புல்தரையில் உழைப்பாளி கால் நீட்டி அமர்கிறான். வெந்நீர் விடுதியும் பஞ்சணையும் அங்கே இல்லை. ஆயினும் அச்சில மணி நேரம் ‘எழுந்திரு’ என்று அவனை அதட்டுவார் எவரும் இலர்.

இத்தகைய ஓய்வைத்தான் விலைபேசுகிறோம். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம், காலைப் பெரட்டில் பேர் எழுதும்போது இதனை நாள்தோறும் காண்கிறோம். ஓய்வு நாளில் வேலைக்கு வருவோர்க்குக் கூடுதல் கூலி உண்டு. அன்று பேர் கொடுப்பவர் யார் என்று செக்ரோலைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். கடன்பட்டவன் வருகிறான், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை இன்னும் மீட்காத அயல்நாட்டான் வருகிறான், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய் வருகிறாள். கையில் போதிய பொருளுள்ளவன் எவனும் தன் ஞாயிற்றுக்கிழமையை விற்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். “அவன் தானாக விரும்பியன்றோ விற்கிறான்? அவனுக்குப் பணம் வேண்டும். அதைத் தடுக்க நீர் யார்? ஓய்வெடு என்று கட்டாயப்படுத்துவதும் ஓர் ஏவலன்றோ?” என்பர். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. பசித்தவனிடம் ஓய்வின் பெருமையைப் போதித்தால் அவன் நம்மைப் பார்த்து நகைப்பான். அந்நகைப்பில் நியாயமும் உண்டு. ஆயினும், ‘விற்கமாட்டேன்’ என்று கூற இயலாதவன் விற்பதை மனமொத்த வாணிகம் என்று எவ்வாறு கூறுவது? ஒருவன் விற்கலாம் என்னும் நிலை ஏற்பட்டால், நாளடைவில் எல்லாரும் விற்கவேண்டும் என்னும் நிலை வந்துவிடும். பக்கத்து லயத்தான் ஞாயிறும் வருகிறான் என்றால், வாராதவன் சோம்பேறி எனப் பெயர் பெறுவான். ஏழு நாள் கூலியைக் கொண்டே குடும்பச் செலவும் கணக்கிடப்படும். ஆகவே விற்கலாகாது என்னும் விதி எளியவனைக் கட்டும் கயிறன்று. அவன் பற்றி நிற்கும் தூண். ஆனால் ஆறு நாள் கூலி ஏழு நாள் வயிற்றுக்குப் போதுமானதாக இருந்தால்தான் அத்தூண் நிற்கும். கூலியை உயர்த்தாது ஓய்வை மாத்திரம் கட்டாயமாக்குவது பாதி அறமே.

சிங்கப்பூர்ச் சட்டம் இவ்வழியில் சென்றதை இங்கே குறித்தல் வேண்டும். அயல்நாட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் விதி, 2013 ஜனவரி முதல் வழங்கப்பட்ட, புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிகளுக்குப் பொருந்துமாறு வந்தது. ஆனால் இருதரத்தாரும் இசைந்தால் அந்நாளுக்குப் பணம் கொடுத்து வேலை வாங்கலாம் என்னும் வழியும் அதில் இருந்தது. வீட்டு எசமானியும், அவ்வீட்டிலேயே உண்டு உறங்கும் பெண்ணும் எதிரெதிரே நின்று ‘இசையும்’போது அவ்விசைவு எத்தகையது என்பதை நேயர்கள் தாமே ஊகிக்கலாம். 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்ய இயலாது என்று விதி திருத்தப்பட்டது. எத்தனை வெள்ளி கொடுத்தாலும் வாங்கமுடியாத நாள் ஒன்று சட்டத்தில் பிறந்தது. மாதத்துக்கு ஒன்று என்பது சிறிது. எனினும் அதன் பின்னுள்ள கொள்கை பெரிது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பட்டணத்தில் நம்மவர் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வெந்நீர் விடுதிக்குச் செல்கிறது என்று கொள்வோம். தந்தை தாய் நீரில் அமர்கின்றனர். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பணிப்பெண்ணும் உடன் வந்திருக்கிறாள். “அவளுக்கும் இது விடுமுறைதானே? நல்ல இடம், நல்ல சாப்பாடு” என்று அவ்வீட்டார் கூறுகின்றனர். அவர்கள் கொடியவரல்லர், அன்புடனேயே கூறுகின்றனர். ஆனால் இடம் மாறினாலும் ஏவல் மாறவில்லை. குழந்தை அழுதால் எழவேண்டியவள் அவளே. அன்று அவள் கண்டது பிறர் ஓய்வு. அந்நாளை அவளுடைய ஓய்வு நாட்கணக்கில் சேர்ப்பது, நாம் எழுதும் செக்ரோலில் வேலை செய்தவன் பெயருக்கு நேரே ‘விடுப்பு’ என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

அங்ஙனமாயின் விடுதிக்குச் செல்வதே பாவமா? அன்று. பிறர் உழைப்பின்றி எவரும் ஓய முடியாது. ஓய்பவனுக்குச் சோறு சமைப்பவன் ஒருவன் வேண்டும், படுக்கை விரிப்பவள் ஒருத்தி வேண்டும். இதில் இழுக்கில்லை, அவர்களுக்கும் முறை வருமாயின். இன்று எனக்குப் படுக்கை விரித்தவள் நாளை தன் விருப்பம்போல் கால் நீட்டி அமர்வாள் எனின், அவள் உழைப்பும் என் ஓய்வும் ஒன்றுக்கொன்று செய்யும் உதவியாகும். அம்முறை அவளுக்கு என்றும் வாராது எனின், நாம் நுகர்வது அவளிடமிருந்து எடுத்த பொருள். விடுதிக்குக் கொடுத்த வாடகை இதனைச் சரிசெய்யாது.

சகோதரர்களே! சாதியாலும் செல்வத்தாலும் ஒருவனுக்கு ஓய்வும் மற்றொருவனுக்கு ஓயாத உழைப்பும் வகுத்து வைத்த பழைய ஏற்பாட்டிலிருந்து தப்பிக் கடல் கடந்து வந்தவரின் மக்கள் நாம். ஞாயிறு என்னும் நாள் லயத்து வாசலுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதை நம் பாட்டன்மார் அறிவர். அந்நாளை நாம் பெற்றுக்கொண்டு, நம் வீட்டில் பணிபுரியும் பெண்ணுக்கும் நம் கீழ் வேலை செய்யும் அயல்நாட்டானுக்கும் அதனை விலைபேசுவது நமக்கு அழகன்று. வரும் மாதத்தில் வீட்டுக்கு ஒருவர், ‘நம்மிடம் உழைப்பவரின் ஓய்வு நாள் எது?’ என்று கேட்டு, அதனை நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். அந்நாளில் அவரை அழைக்காதிருக்கவும், அவர் எங்கே போனார் என்று வினவாதிருக்கவும் பழகட்டும். அவர் செம்பவாங்கில் கால் நனைப்பாரோ, தேக்காவில் தம் ஊராரைக் காண்பாரோ, கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவாரோ, அது அவர் விருப்பம்.